மெக்கானிக் வந்தால் மட்டும் சார்ஜ் ஏறும் ஸ்கூட்டர்

என் மின்சார ஸ்கூட்டரின் பேட்டரி சிறியது. 48 வோல்ட், 24 ஆம்பியர்-ஹவர். 3 ஆம்பியர் சார்ஜரில் அது நிரம்ப எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அது ஒரு நாள் மதியம் இரண்டே வினாடியில் நிரம்பிவிட்டது.

வெளியே போய்விட்டு வந்து சார்ஜரைச் செருகினேன். உடனே பச்சை விளக்கு. ஏறும்போது சிவப்பு, நிறைந்தால் பச்சை என்பதுதான் நான் படித்த பாடம். வண்டியின் மீட்டரில் ஒரே ஒரு கோடுதான் தெரிந்தது. சரி, மீட்டர்தான் பழுதாகிவிட்டது என்று முடிவு கட்டிக் கிளம்பினேன். மீட்டர் யோக்கியமானது. திரும்பும்போது, உச்சிவெயிலில், மாட்டைப் பிடித்து வருவதுபோல வண்டியை வீடு வரை தள்ளிக்கொண்டு வந்தேன்.

மறுபடி செருகினேன். மறுபடி பச்சை. அதே பிளக்கில் கைபேசிக்கு சார்ஜ் ஏறியது. சார்ஜரின் ஃபியூஸ் நன்றாக இருந்தது. வண்டியின் சார்ஜிங் முனையில் தூசி இல்லை, பின் எதுவும் வளைந்திருக்கவில்லை. மல்டிமீட்டரை இரவல் வாங்கிச் சார்ஜர் முனையில் வைத்தால் 54.6 வோல்ட். பேட்டரிக்குள் தொடராக இணைத்திருக்கும் 13 செல்களுக்கும், ஒன்றுக்கு 4.2 வோல்ட் வீதம், கணக்கு துல்லியமாகச் சரி. ஆக, யார் மீதும் குற்றமில்லை. சார்ஜ் மட்டும் ஏறவில்லை.

“கொஞ்சம் ஆறட்டுமே, பிறகு பார்க்கலாம்” என்றாள் மனைவி.

“எனக்கு ஒன்றும் கோபமில்லை!” என்று கத்தினேன்.

மாலையில் மெக்கானிக் வந்தார். செருகினார். சிவப்பு எரிந்தது. “நன்றாகத்தானே இருக்கிறது, சார்?” என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் மதியம் பச்சை. மாலை அவர் வந்ததும் சிவப்பு. மூன்றாம் நாள் சாட்சிக்கு வீடியோ எடுத்து அனுப்பினேன். “முழுதாக நிறைந்துவிட்டது என்றுதானே சார் இதில் காட்டுகிறது?” என்று கேட்டார். அந்தக் குரலில் வண்டியைப் பற்றிய கவலை இல்லை, என்னைப் பற்றித்தான் இருந்தது.

நான்காம் நாள் வேறு வேலையாக அந்தப் பக்கம் வந்தவர், தப்பித்தவறி மதியமே எட்டிப் பார்த்தார். சீட்டைத் தூக்கி பேட்டரிப் பெட்டியில் கை வைத்தவர் வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

“வெயிலில் நிறுத்தி, வெயிலில் ஓட்டி வந்து, வந்த கையோடு செருகுகிறீர்களா?”

விஷயம் இவ்வளவுதான். பேட்டரிக்குள் பி.எம்.எஸ். (பேட்டரி மேலாண்மை அமைப்பு) என்று ஒரு காவல்கார மின்சுற்றுப் பலகை இருக்கிறது. லித்தியம் அயன் செல்கள் பொதுவாக 60 டிகிரி வரை ஓட்டத்துக்கு மின்சாரம் கொடுக்கும்; ஆனால் 45 டிகிரியைத் தாண்டினால் உள்ளே வாங்கக் கூடாது. அதனால் வண்டி ஓடும், சார்ஜ் ஏறாது. பலகை கதவைச் சாத்திவிடும். சார்ஜருக்கு இந்த உள்விவகாரமெல்லாம் தெரியாது. மின்சாரம் போகவில்லை என்றால் பச்சையைக் காட்டிவிடும், நிறைந்ததால் போகவில்லையா, வாசலில் தடுத்ததால் போகவில்லையா என்று விசாரிக்காது. மாலைக்குள் பேட்டரி குளிர்ந்துவிடும், கதவு திறக்கும், மெக்கானிக்கும் வந்து சேர்வார்.

இப்போது நிழலில் நிறுத்தி, ஒரு மணி நேரம் கழித்துத்தான் சார்ஜரைத் தொடுகிறேன். சிவப்பு விளக்கைப் பார்த்தால் அவ்வளவு நிம்மதி.

முதல் நாள் ஆறட்டும் என்று சொன்னது பேட்டரியைத்தான் என்று மனைவி இன்றுவரை சாதிக்கிறாள்.