ஆஷாவின் ஒரு ஓவர்

2024இல் இந்தியாவின் மகளிர் பிரிமியர் லீக் கிரிக்கட்டை, எங்கள் இலங்கை வீராங்கனை சமரி அத்தபத்துவுக்காகத்தான் பார்க்கத் தொடங்கினோம். அவர் யூபி வாரியர்ஸ் அணியில் இருந்தார். ஆனால் பெப்ரவரி 24ஆம் திகதி இரவு, மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வீட்டுக் கூடத்தில், மகளும் நானும் கட்சி மாறிவிட்டோம்.

யூபிக்கு 158 ஓட்டங்கள் தேவை. 17ஆவது ஓவரில் பெங்களூரின் லெக் ஸ்பின் பந்துவீச்சாளர் ஆஷா ஷோபனா மூன்று விக்கட் எடுத்தார். மொத்தம் 22 ஓட்டங்களுக்கு 5 விக்கட். பெங்களூர் 2 ஓட்டங்களால் வென்றது. ஆஷாவுக்கு அப்போது 32 வயது, இந்திய அணிக்கு இன்னும் ஆடவில்லை. 19 வயதில் பந்தைக் கைவிட்ட எனக்கு அதைப் பார்த்துத் தொண்டை அடைத்தது.

முதல் சீசனில் தொடர்ந்து ஐந்து தோல்விகளோடு தொடங்கிய அணி பெங்களூர். மார்ச் 17 இறுதிப் போட்டியில் டெல்லி விக்கட் இழப்பின்றி 64. "அம்மா, முடிஞ்சுது" என்றாள் மகள். பெங்களூரின் சோஃபி மொலினியூ ஒரே ஓவரில் மூன்று பேரை அனுப்பினார். அப்புறம் ஷ்ரேயங்கா பாட்டீல் 12 ஓட்டங்களுக்கு 4 விக்கட். டெல்லி 113க்குச் சுருண்டது. பெங்களூருக்கு எலிஸ் பெர்ரி ஆட்டமிழக்காமல் 35, கடைசி பவுண்டரி ரிச்சா கோஷ். கிண்ணம் பெங்களூருக்கு.

மறுநாள் பின்னேரம் கடற்கரை மணலில் மகள் லெக் ஸ்பின் போட்டுப் பார்த்தாள். பந்து திரும்பவில்லை. இருட்டும்வரை போட்டாள், நான் பொறுக்கிக் கொடுத்தேன்.