ஸ்திரீபார்ட் மகள்: பங்குனி, சித்திரைக் குறிப்புகள்

2025 ஏப்ரல் 6, ஞாயிறு

பங்குனித் திருவிழாக்களுக்கான நாடக நோட்டீஸ்கள் மதுரையில் அச்சாகி ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கின்றன. வள்ளி திருமணம் என்றால் ராஜபார்ட் (நாயக வேஷம்) படமும் ஸ்திரீபார்ட் (நாயகி வேஷம்) படமும் பெரிதாக இருக்கும். பபூன் என்கிற கோமாளி, அவரோடு ஆடும் டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம், மற்ற தாளமும் சத்தமும் கொடுக்கும் ஆல்ரவுண்டு எல்லாம் கீழே வரிசையாக வரும். புதிதாக வேஷம் கட்டும் பெண்ணின் தாய் தகப்பன் பேர் வாங்கிய கலைஞர்கள் என்றால் ‘இன்னார் மகள்’ என்று அவள் பெயருக்கு மேலேயே ஒரு வரி போடுவார்கள். முதல் தேதியை வாங்கிக் கொடுப்பது அந்த வரிதான். அடுத்த வருஷமும் அதே ஊர் கூப்பிடுமா என்பது விடியற்காலை மூன்று மணிக்கு அவள் குரல் இருந்த இருப்பைப் பொறுத்தது.

இந்தத் திருவிழா நாடகத்துக்கு ஸ்பெஷல் நாடகம் என்று பேர். இதற்கு ஒத்திகை கிடையாது. ஒவ்வொருவரையும் தனித்தனியாக அட்வான்ஸ் கொடுத்துப் பேசுவார்கள். வள்ளியும் நாரதரும் முதன்முதலாகப் பார்த்துக்கொள்வதே மேக்கப் கொட்டகையில் என்பது சாதாரணம். நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை போன்ற, சிறுவர்களே நடித்த பாய்ஸ் கம்பெனிகளில் பிள்ளைகள் கூடவே தங்கிப் பாடம் கேட்டார்கள். இன்று அந்தப் பள்ளிக்கூடம் வீடுதான். கலைஞர் வீட்டுப் பெண்ணுக்கு நிஜமான சீதனம் இது. பேர் அதற்கு அப்புறம்.

2025 ஏப்ரல் 12, சனி

நேற்று பங்குனி உத்திரம். சுற்றுவட்டாரத்தில் விடிய விடிய நாடகம்.

இரவு பத்து மணிவாக்கில் பபூன் வருவார். பபூனும் டான்ஸும் நள்ளிரவு வரை கொண்டுபோவார்கள். வள்ளி வரும்போது சின்னப் பிள்ளைகள் தூங்கியிருக்கும், பாட்டுக் கேட்கிறவர்கள் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். அவள் திரைக்கு உள்ளே நின்றே விருத்தம் எடுப்பாள். முகம் தெரியுமுன் குரல் தெரிந்துவிடும். புதுசுகள் தவறுவது இங்கேதான். ஆர்மோனியக்காரரிடம் தன் கட்டையை, அதாவது பாடும் சுருதியை, முன்கூட்டியே சொல்லாமல் போவார்கள். 5 கட்டைக்காரி 5½-இல் எடுத்துவிட்டால் முதல் பாட்டு தாண்டிவிடும். ஆலோலப் பாட்டில் பறவை விரட்டும்போது மேல் பஞ்சமம் எட்டாது, தொண்டையை இறுக்குவாள். அதற்குப் பிறகு வள்ளியும் எதிராளியும் கேள்வி பதிலாக வாதாடும் தர்க்கம் மட்டுமே ஒன்றரை மணி நேரம் காத்திருக்கிறது. மேக்கப் போடும்போதே ஆர்மோனியப் பெட்டி பக்கம் போய் “அண்ணே, எனக்கு அஞ்சு” என்று சொல்லி, ஒரு ‘ஸா’ பிடித்துப் பார்த்துவிட்டு வந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

2025 ஏப்ரல் 14, திங்கள்

தர்க்கம் பற்றி. அம்மாவின் பழைய தர்க்கம் கேசட்டில் வந்து ஊரெல்லாம் மனப்பாடமாக இருக்கும். மகள் அதை அப்படியே சொன்னால் முன்வரிசைக்காரர் அவளுக்கு முன்னால் பதிலை முடித்துவிடுவார். நோட்டில் எழுதி வரிசையாக நெட்டுருப் போடுவதிலும் ஆபத்து உண்டு. நாரதர் மூன்றாவது கேள்வியைத் தாண்டி ஐந்தாவதைக் கேட்டால் அத்தனையும் சரிந்துவிடும். பதிலோடு ஒரு எதிர்க்கேள்வியும் கையில் இருக்க வேண்டும். “காட்டில் தனியாக இருக்கிறாயே, பயமில்லையா?” என்று நாரதர் கேட்கிறார். “தினைக்கு நான் காவல், எனக்கு என் அண்ணன்மார் காவல். முனிவரே, உமக்கு யார் காவல்?” பந்து அவர் பக்கம் போய்விட்டது. அவர் யோசிக்கிற அந்த நேரம்தான் இவளுக்கு மூச்சு வாங்கக் கிடைக்கும் நேரம்.

நடுவில் மைக்கில் அன்பளிப்பு அறிவிப்பு வரும். பாட்டு அறுந்துபோகும். கொடுத்தவர் பேரைச் சொல்லி நன்றி கூறி, விட்ட ராகத்தில் விட்ட இடத்தைப் பிடிப்பதற்கும் பழக்கம் வேண்டும். அதுவரை ஆர்மோனியக்காரர் சுருதியை விடாமல் வைத்திருப்பார். அவரைக் கவனித்தால் போதும்.

2025 ஏப்ரல் 20, ஞாயிறு

அனுமந்தராயன் கோயில் தெருவில் வீணை பொறித்த அந்த வீட்டைத் தாண்டும்போது எம்.எஸ். சுப்புலட்சுமி நினைவு வராமல் போகாது. எம் என்றால் மதுரை, எஸ் என்றால் சண்முகவடிவு, வீணை வாசித்த தாய். பாட்டி அக்கம்மாள் வயலின். தாயின் பேரை முதலெழுத்தாகவே சுமந்தவர். 1926-இல், பத்து வயதில், இசைத்தட்டு வந்துவிட்டது. சினிமாவோ நான்கே கதைதான்: 1938-இல் சேவாசதனம், 1940-இல் ஜி.என். பாலசுப்பிரமணியத்தோடு சகுந்தலை, 1941-இல் சாவித்திரி, 1945 தீபாவளிக்கு மீரா. மீரா 1947-இல் இந்திக்கும் போனது. பிறகு படம் இல்லை, கச்சேரிதான்.

இதில் நாடகக்காரர்கள் கவனிக்க வேண்டியது சாவித்திரி. அதில் சாவித்திரி சாந்தா ஆப்தே. எம்.எஸ். ஏற்றது நாரதர், நம் மேடையில் ஆண் கலைஞர் கட்டும் வேஷம். அந்தச் சம்பளம் ‘கல்கி’ பத்திரிகை தொடங்கப் போனது. அதற்கு முன்பே 1935-இல் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்துவிட்டார். தகப்பன் ராஜபார்ட், தாய் ஸ்திரீபார்ட் என்றால் மகள் காதில் தர்க்கத்தின் இரண்டு பக்கமும் ஏறியிருக்கும். வள்ளியை மட்டும் கட்டிக்கொண்டு நாரதரை வீணாக்கக் கூடாது. எதிராளியின் பாடம் தெரிந்தவளை மேடையில் மடக்குவது கஷ்டம்.

2025 மே 3, சனி

வெயில் கொளுத்துகிறது. முகத்துக்குத் தேங்காய் எண்ணெய் நாலு சொட்டுக்கு மேல் வேண்டாம். கூடினால் நள்ளிரவில் பவுடர் திட்டுத்திட்டாக வழியும். ஒன்பது மணிக்கு இரண்டு இட்லி போதும், தயிரும் ஐஸ் தண்ணீரும் கூடாது. வெந்நீரும் பனங்கற்கண்டும் பக்கத்தில் இருக்கட்டும். தொண்டை கட்டுவது பெரும்பாலும் பாட்டால் அல்ல, வசனத்தைக் கத்திப் பேசுவதால். தன் குரல் தன் காதில் விழாதவள்தான் கத்துவாள். எனவே மைக்செட்டுக்காரரிடம் ஒரு பாக்ஸை மேடை பக்கம் திருப்பி வைக்கச் சொல்ல வேண்டும். ராஜபார்ட்டைப் பார்த்துப் பதில் சொல்லும்போது வாய் மைக்கை விட்டு விலகும், வரியின் கடைசிச் சொல் காணாமல் போகும். நல்ல பதிலெல்லாம் அந்தக் கடைசிச் சொல்லில்தான் இருக்கிறது. கண் அவர் மேல், வாய் மைக்கில்.

2025 மே 13, செவ்வாய்

அழகர் ஆற்றில் இறங்கி ஒரு நாள் ஆகிறது. சீரியலில் இருந்தும் சினிமாவில் இருந்தும் நாடக வீட்டுப் பெண்களைக் கேட்டு வருவது உண்டு. போகலாம். ஆனால் மாசி முதல் ஆடி வரை தேதி கொட்டுகிற காலம். அட்வான்ஸ் வாங்கிய ஊரை ஷூட்டிங்குக்காகக் கைவிட்டால் அந்த ஊர் அடுத்து அந்த வீட்டில் யாரையுமே கூப்பிடாது, தாய் தகப்பன் பேரும் சேர்ந்து கெடும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்று சொல்லிக் கேமராவுக்குத் தேதி கொடுப்பது நல்லது. அங்கே போனால் முதலில் விட வேண்டிய பழக்கம், வரி முடிவில் எழுத்தை இழுப்பது. கடைசி வரிசைக் கிழவிக்காக இழுத்த அந்த ‘ஆ…’ கேமராவுக்கு முன்னால் அழுகை மாதிரி விழும்.