ஒய் தட்டிய பிறகு

புது வால்யூமில் (வட்டில் ஒதுக்கிய பகுதியில்) 1080ஆம் ஆஃப்செட்டில் எக்ஸ்ட்4 என்ற கோப்பு அமைப்பின் சிக்னேச்சர் (அடையாளம்) தென்படுகிறது, அழிக்கட்டுமா என்று, வால்யூமை உருவாக்கும் எல்விகிரியேட் கமாண்ட் கேட்டது. ஒய் தட்டி என்டரும் அழுத்திவிட்டேன். வால்யூமை ஃபார்மேட் செய்யும் எம்கேஎஃப்எஸ் கமாண்டைப் பாதி அடித்திருந்தபோதுதான் உறைத்தது: நான் சற்றுமுன் அழித்ததாக நினைத்த பழைய வால்யூம் எக்ஸ்எஃப்எஸ் என்ற வேறு கோப்பு அமைப்பு ஆயிற்றே, எக்ஸ்ட்4 எங்கிருந்து வந்தது?

சர்வரில் டேட்டா_ஓல்டு, டேட்டா_நியூ என்று இரண்டு லாஜிக்கல் வால்யூம்கள் இருந்தன; இவற்றை நிர்வகிப்பது லினக்ஸின் எல்விஎம். எக்ஸ்எஃப்எஸ்ஸுக்கு மாறலாம் என்று எப்போதோ டேட்டா_நியூவை உருவாக்கிச் சோதித்துவிட்டு, அந்தத் திட்டத்தையே கைவிட்டிருந்தோம். ஆக, 'ஓல்டு' என்ற பெயரில் கிடந்ததுதான் எல்லாரும் தினமும் பயன்படுத்திய 600 ஜிபி. எதை எங்கே மவுன்ட் செய்வது (இணைப்பது) என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் யூயூஐடி என்ற அடையாள எண்ணைக் கொண்டே மவுன்ட் ஆனதால் அந்தப் பெயர் யார் கண்ணிலும் பட்டதில்லை. பெயரை நம்பி நான் அழித்தது அதைத்தான். மவுன்ட்டில் இருக்கிற வால்யூமை, அழிக்கும் கமாண்டான எல்விரிமூவ் தொடாது. ஆனால் பராமரிப்பு வேலைக்காக இரண்டையும் நானே அன்மவுன்ட் செய்திருந்தேன். உறுதி கேட்கும் கேள்வி வராமலிருக்க மைனஸ் ஒய்யும் சேர்த்திருந்தேன்.

கடைசியாக முழுமையாக முடிந்த பேக்கப், 19 நாள் பழசு.

முதலில் குழுத் தலைவியைக் கூப்பிட்டேன். "மேடம், தப்பான வால்யூமை அழிச்சுட்டேன். ஆறு வருஷக் கோப்பும் அதுலதான் இருந்துச்சு. மீட்கப் பாக்கறேன், உறுதியா சொல்ல முடியல." ஒரு நிமிடம் பேச்சே இல்லை. பிறகு, "இன்னிக்கு யாரும் சர்வர் பக்கம் போகாம நான் பாத்துக்கறேன். நீங்க நிதானமா பாருங்க" என்றார். அந்த நிதானம் கிடைக்காமல் போயிருந்தால் அடுத்த தவற்றையும் செய்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

எல்விரிமூவ் வட்டிலுள்ள தரவைத் துடைப்பதில்லை. எந்த எக்ஸ்டென்ட் (வட்டின் துண்டு) எந்த வால்யூமுக்குச் சொந்தம் என்ற வரைபடத்திலிருந்து ஒரு பதிவை நீக்குகிறது, அவ்வளவுதான். எனக்கு இருந்த பயம் வேறு. வட்டு எஸ்எஸ்டி. எல்விஎம் அமைப்புக் கோப்பில் இஷ்யூ_டிஸ்கார்ட்ஸ் 1 என்று இருந்தால், அழிக்கும்போதே அந்த இடம் முழுவதற்கும் டிஸ்கார்ட் (இந்த இடத்துத் தரவு இனி வேண்டாம் என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் கட்டளை) போய்விடும்; பிறகு மீட்க ஒன்றும் மிஞ்சாது. கோப்பைத் திறந்தேன். இயல்பு மதிப்பான 0 அப்படியே இருந்தது. எம்கேஎஃப்எஸ் ஓடியிருந்தால் கதை வேறு: எக்ஸ்ட்4 உருவாக்கும்போது அது தானாகவே டிஸ்கார்ட் அனுப்பும். புது வால்யூமின் 200 ஜிபி அளவுக்குப் பழைய தரவு அங்கேயே போயிருக்கும்.

வால்யூம் குரூப்பில் (வால்யூம்களின் தொகுப்பில்) மாற்றம் நடக்கும்போதெல்லாம், அதற்கு முந்தைய நிலையை எல்விஎம் மென்பொருள், ஈடிசி அடைவுக்குள் இருக்கும் எல்விஎம் அடைவின் ஆர்க்கைவ் என்ற உள்ளடைவில் சாதாரண உரைக் கோப்பாக எழுதி வைக்கும். ரூட் தனிப் பார்ட்டிஷனில் இருந்ததால் அந்த அடைவு பத்திரமாக இருந்தது. பக்கத்திலேயே பேக்கப் என்றொரு அடைவும் உண்டு, அதை நம்பக்கூடாது. அதில் இருப்பது இப்போதைய நிலை, அதாவது அழித்த பிறகான நிலை. ஆர்க்கைவிலும் ஆகக் கடைசிக் கோப்பு எனக்கு உதவாது, அது எல்விகிரியேட்டுக்கு முன் எழுதப்பட்டது. இந்தக் கோப்புகளைக் கொண்டு மீட்கும் விஜிசிஎஃப்ஜிரீஸ்டோர் கமாண்டின் பட்டியலில் ஒவ்வொரு கோப்புக்கும் அது எந்தக் கமாண்டுக்கு முன் எழுதப்பட்டது என்ற குறிப்பு இருக்கும். எல்விரிமூவுக்கு முந்தையதைத் தேடி எடுத்து, திறந்து படித்தேன். டேட்டா_ஓல்டு, அதன் செக்மென்ட்கள், எக்ஸ்டென்ட் எண்ணிக்கை எல்லாம் வரிவரியாக இருந்தன. உட்கார்ந்து அழவேண்டும்போல் இருந்தது.

உடனே மீட்கவில்லை. ஆர்க்கைவ் அடைவை வேறொரு கணினிக்கு நகலெடுத்தேன். பிறகு வெளிவட்டு ஒன்றை இணைத்து, டிடி கமாண்ட் கொண்டு முழு வட்டையும் அப்படியே இமேஜ் (பிரதி) எடுத்தேன். ஏறக்குறைய மூன்று மணி நேரம் காத்திருந்தேன். அது முடிந்ததும் புது வால்யூமை டிஆக்டிவேட் செய்து, ரீஸ்டோரை முதலில் டெஸ்ட் முறையில் ஓட்டிப் பார்த்து, பிறகு நிஜமாக ஓட்டினேன். டேட்டா_ஓல்டு பட்டியலில் திரும்ப வந்தது. ஆக்டிவேட்டும் ஆயிற்று. எங்களுடையது சாதாரண வால்யூம் என்பதால் இவ்வளவு எளிது. தின் பூலாக (இடத்தைத் தேவைப்படும்போது மட்டும் ஒதுக்கும் வகையாக) இருந்திருந்தால் பூலின் உள் மெட்டாடேட்டா தனி, இந்த வழியை அப்படியே கடைப்பிடிப்பது ஆபத்து.

ஆனால் மவுன்ட் ஆகவில்லை. சூப்பர்பிளாக், அதாவது கோப்பு அமைப்பின் அடிப்படை விவரங்கள் உள்ள பகுதி, தவறு என்றது.

காரணம் அந்த ஒய். சிக்னேச்சரை அழித்தது போக, எல்விகிரியேட் புது வால்யூமின் முதல் 4 கேபியைப் பூஜ்ஜியமாக்கும். எக்ஸ்ட்4இன் சூப்பர்பிளாக் இருப்பது 1024ஆம் பைட்டில். கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்கள் பிளாக் அளவு 4 கேபி, ஆகவே போனது பூஜ்ஜியமாவது பிளாக் ஒன்றுதான். பிளாக் குழுக்களின் விவரங்களான குரூப் டிஸ்கிரிப்டர்கள் அடுத்த பிளாக்கில் தொடங்குகின்றன, அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. சூப்பர்பிளாக்கின் பிரதிகளோ வட்டில் பல இடங்களில் உண்டு, முதலாவது 32768ஆம் பிளாக்கில்.

கோப்பு அமைப்பைச் சோதித்துச் சரிசெய்யும் ஈ2எஃப்எஸ்சிகேவுக்கு அந்த எண்ணைக் கொடுத்து, எதையும் எழுதாத முறையில் ஓட்டினேன். படித்தது. ரீட்-ஒன்லி மவுன்ட் மட்டும் மறுபடி மறுத்தது, அங்கே அரை மணி நேரம் போயிற்று. மவுன்ட்டுக்கு அதே இடத்தை 1 கேபி அலகில் சொல்ல வேண்டுமாம், 32768ஐ நான்கால் பெருக்கி 131072. அதைக் கொடுத்ததும் அடைவுகள் வந்து நின்றன.

பழுதுபார்ப்பதற்கு முன் எல்லாவற்றையும் ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி மூலம் வெளியே எடுத்தேன். அதன் பிறகே ஈ2எஃப்எஸ்சிகேவை எழுத அனுமதித்தேன். காலி பிளாக் எண்ணிக்கை போன்ற சிலவற்றைத் திருத்தியது. இடம் தெரியாத கோப்புகள் போய்ச் சேரும் லாஸ்ட்-ஃபவுண்டில் ஒரு கோப்புகூட விழவில்லை. 19 நாள் பழைய பேக்கப்போடு செக்சம் ஒப்பிட்டேன். வேறுபட்டவை அத்தனையும் இடையில் ஆட்கள் உண்மையிலேயே திருத்திய கோப்புகள்.

மேடத்தைக் கூப்பிட்டபோது இரவு பதினொன்று. முதல் ரிங்கிலேயே எடுத்தார். "எல்லாம் இருக்கு மேடம்" என்றேன். வால்யூமின் பெயரை மாற்றிவிட்டு, நின்றுபோயிருந்த பேக்கப்பை முடுக்கினேன். அது முடியும்வரை இடத்தை விட்டு எழவில்லை.