அறைக்குள் படுக்காதீர்கள்: கானாடுகாத்தானில் ஒரு வாடகை வீடு

செட்டிநாட்டுப் பக்கம் தங்கப் போகிறவர்களுக்கு இரண்டு வழி உண்டு. பெரிய வீட்டையே ஹோட்டலாக மாற்றி, நீச்சல் குளம் கட்டி, வாசலில் சந்தனம் வைத்து வரவேற்கிறார்களே, அது ஒன்று. பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, பூட்டிக் கிடந்த வீட்டில் ஒரு பகுதியை மட்டும் சரிசெய்து நாள் வாடகைக்கு விடுகிறார்களே, அது இன்னொன்று. நாங்கள் இரண்டாவதைப் பிடித்தோம். காசு ஒரு காரணம். ரிசப்ஷன் இருக்கிற இடத்தில் அம்மாவுக்குத் தூக்கம் வராது என்பது அதைவிடப் பெரிய காரணம்.

சென்னையிலிருந்து பல்லவன் எக்ஸ்பிரஸில் ஏறினால் காரைக்குடி சேரும்போது ராத்திரி ஆகிவிடும். அங்கிருந்து கானாடுகாத்தான் 15 கிலோமீட்டர் போல. ஆட்டோக்காரரிடம் ஏறுவதற்கு முன்பே கூலி பேசிக்கொள்ளுங்கள். இந்தப் பயணத்தைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் டார்ச்சோடு முகப்பில் நின்றிருந்தார். கதவைத் திறந்ததும் அவர் லைட்டைப் போடவில்லை; முதலில் உள்ளே டார்ச் அடித்துக் காட்டினார். முகப்பு நிலை, வளவு என்கிற திறந்த நடுமுற்றம், இரண்டாங்கட்டு, மூணாங்கட்டு, கடைசியில் பின்வாசல். எல்லா நிலைகளும் ஒரே நேர்கோட்டில் இருந்ததால், வெளிச்சம் எங்கும் தட்டாமல் அடுத்த தெரு வாசல்வரை ஓடியது. இந்த ஊர் வீடுகள் இப்படித்தான்: முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். அந்த அண்ணனுக்கு இது வழக்கமான வேடிக்கை போல. “எல்லாரும் வாயைப் பொளப்பாக தம்பி” என்று சிரித்தார்.

எங்களுக்கு ஒதுக்கியது வளவை ஒட்டிய இரண்டு அறைகள். ஏசி போட்டிருந்தார்கள். உள்ளே போனால் மூச்சு முட்டியது: சின்ன ஜன்னல், தாழ்வான நிலை, கனத்த கதவு. முன்பதிவுத் தளத்தில் பார்த்த படங்களெல்லாம் வளவும் தூண்களும்தான். அறையின் படம் ஒன்றுகூட இல்லை. ஏன் என்று இப்போது புரிந்தது. முணுமுணுத்துக்கொண்டே பெட்டியை வைத்தோம்.

அம்மாதான் கேட்டார், “ஏன்ப்பா, அந்தக் காலத்துல இம்புட்டுப் பெரிய வீட்டைக் கட்டிட்டு இந்தப் பொந்துக்குள்ளயா படுத்தாக?”

“ரூமுக்குள்ள யாரும்மா படுத்தா? அது சாமான் வைக்கிற எடம். படுக்கையெல்லாம் பட்டாலையிலதான்” என்றார் அண்ணன்.

அவர் சொன்னது சரி. பட்டாலை என்பது வளவை ஒட்டிய பொதுக் கூடம். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் வளவில் ஓர் அறை உண்டு. சாவி அவனுடையது. மனைவி கொண்டுவந்த வெள்ளியும் பாத்திரமும் புடவையும் அதற்குள். இந்த வீடுகளைக் கட்டிய செட்டியார்களான நகரத்தார் வழக்கப்படி கல்யாணமானவன் தனிப் புள்ளி. கணக்கும் அடுப்பும் தனி. ஆனால் உட்காருவது, பேசுவது, படுப்பது எல்லாம் பொதுவில். ஆகவே இந்த வீட்டில் “அறை” வாடகைக்கு எடுக்கிறவர் உண்மையில் ஒரு பீரோவைத்தான் வாடகைக்கு எடுக்கிறார். அன்று இரவே பாயைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டோம். கொசுவலை கேட்டால் தருகிறார்கள். கேட்காவிட்டால் உங்கள் பாடு.

மறுநாள் பகலில்தான் வீடு எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தேன். வெளியே புரட்டாசி வெயில் மண்டையைப் பிளந்தது. உள்ளே தரை சில்லென்று இருந்தது. சுவரில் கன்னத்தை வைத்தால் கண்ணாடியைத் தொட்டதுபோல வழவழப்பு. சுண்ணாம்பை அரைத்து, கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு கலந்து, கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய சுவர். கைபட்டு அழுக்கான இடத்தை ஈரத்துணியால் துடைக்கிறார்கள், பெயின்ட் கிடையாது. பர்மாத் தேக்குத் தூண் ஒன்றை என் பையன் கட்டிப்பிடித்துப் பார்த்தான், கை சேரவில்லை.

சாயங்காலம் இடி இறங்கி மழை வந்தது. நான்கு பக்க ஓட்டுச் சரிவிலிருந்தும் தண்ணீர் வளவுக்குள் கொட்டியது. சமையல் அக்கா ஓடிவந்து, முதல் தண்ணீரைக் கல்தரையைக் கழுவிக்கொண்டு ஓட விட்டார். கூரைத் தூசி போனபிறகுதான் மூலையில் பித்தளை அண்டாவை வைத்தார். பருப்பு வேக மழைத்தண்ணிதான் நல்லது என்றார். வற்றாத ஆறு கிடையாத சீமை இது. ஊருணியும் கூரைத் தண்ணீரும்தான் பிழைக்க வைத்தன.

சாப்பாட்டை அந்த அக்காவிடமே சொல்லிவிடுங்கள், வெளியே தேடாதீர்கள். காலையில் வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்த் துவையலும். மத்தியானம் அரிசி கழுவிய தண்ணீரில் வைத்த வெண்டைக்காய் மண்டி. கடைசி நாள் கவுனி அரிசி இனிப்பு. “செட்டிநாடு சிக்கன்” என்று நகரத்து ஹோட்டல்களில் சிவப்பாய் எரிகிறதே, அதைக் கேட்டபோது அக்கா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

தரையில் பதிக்கும் பூக்கல் செய்வதைப் பார்க்க ஆத்தங்குடிக்கு ஒரு நடை போய்வாருங்கள். கண்ணாடிப் பலகைமேல் அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வண்ணச் சிமென்ட் கரைசலைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கினால் வண்ணங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் நிற்கின்றன. மேலே உலர்ந்த சிமென்டும் மணலும் தூவி, அதன்மேல் ஈரக் கலவையை அப்பி மட்டம் தட்டுகிறார்கள். சூளையே கிடையாது. காய்ந்து, தண்ணீர்த் தொட்டியில் ஊறி எழுந்ததும் கல் கண்ணாடியை விட்டுப் பிரிகிறது. பளபளப்பு அந்தக் கண்ணாடி கொடுத்தது.

பழைய வீட்டுச் சாமான்கள் விற்கும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கும் போனோம், ஆனால் எனக்கு அங்கே மனசு ஒட்டவில்லை. எனாமல் தூக்குகளும் ஓலைக் கொட்டான்களும் சரி. நிலைக்கதவும் தூணும் சாய்த்து வைத்திருப்பதைப் பார்த்தால், எங்கோ ஒரு வளவு இடிந்திருக்கிறது என்றுதான் தோன்றுகிறது. இந்த வீட்டுக்காரர்கள் தொழில் நடத்திய பர்மாவை 1942இல் ஜப்பான்காரன் பிடித்தான். 1960களில் அங்கே மிச்சம் இருந்ததையும் அரசுடைமை ஆக்கினார்கள். ரங்கூன் பணத்தில் கட்டிய வீட்டுக்கு ஓடு மாற்றக்கூடப் பலரிடம் வருமானம் இல்லை. பங்காளிகள் இருபது முப்பது பேர் கையெழுத்துப் போட்டால்தான் விற்கவும் முடியும். 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் இந்த ஊர்கள் ஏறின. அதனால் ஓடு ஒழுகுவது நின்றுவிடாது. நம்மிடம் வாங்குகிற வாடகை கொஞ்சம் ஓட்டுக்குப் போகிறது என்றால், கொசுக்கடியைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி.

எங்கள் வீட்டிலும் இரண்டு அறைகள் பூட்டியே இருந்தன, ஆளுக்கொரு பங்காளி பூட்டு. அவற்றைத் திறக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். கழிவறை பின்கட்டில் இருக்கிறது. வயதானவர்களோடு போனால் முன்பக்கம் புதிதாகக் கட்டியது உண்டா என்று போனிலேயே விசாரித்துவிடுங்கள்.

இன்னொன்று, முகூர்த்த மாதங்களில் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். நாங்கள் முதலில் தை மாதம்தான் கேட்டோம். சென்னையிலிருக்கும் வீட்டு ஆச்சி போனில் மறுத்துவிட்டார்: “அப்போ எங்க பேத்தி கல்யாணம். வளவுல பந்தி போடணும், வீடு எங்களுக்கே பத்தாது.”