டிஸ்க் கோட்டா கணக்கைச் சரிபார்த்தலும் செப்பனிடுதலும்: செய்து பார்த்த அனுபவம்

வட்டில் ஒவ்வொரு பயனரும் பிடிக்கும் இடத்தைக் கணக்கிட்டு அதற்கு வரம்பு வைப்பதே டிஸ்க் கோட்டா. லினக்ஸில் ஒரு பயனர் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறார் என்று ரெப்கோட்டா கட்டளை காட்டும் எண், அந்த நொடியில் வட்டை அளந்து சொல்லப்படுவதன்று. கோப்பு எழுதப்படும்போது கூட்டியும் அழிக்கப்படும்போது கழித்தும் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் எழுதிக்கொண்டே வரும் தொடர்கணக்கு அது. பேரேட்டில் எழுதிய இருப்புக்கும் கிடங்கில் கிடக்கும் சரக்குக்கும் உள்ள உறவுதான் இந்த எண்ணுக்கும் வட்டுக்கும் உள்ள உறவு. இரண்டும் எப்போது பிரிகின்றன, பிரிந்தபின் எப்படி ஒன்றுசேர்ப்பது என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்ற ஆசையில் இந்தச் சோதனைகளைத் தொடங்கினேன்.

உண்மையான தரவு இருக்கும் வட்டில் இதைச் செய்யத் தேவையில்லை. ட்ரங்கேட் கட்டளையால் 1 ஜிபி அளவுள்ள ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்கி, அதில் இஎக்ஸ்டி4 கோப்பு முறைமையை அமைத்து, பயனர் கோட்டா, குழு கோட்டா ஆகிய இரு விருப்பங்களுடன் லூப் சாதனமாக, அதாவது அந்தக் கோப்பையே ஒரு வட்டு போல, மவுண்ட் செய்து (ஓர் அடைவில் இணைத்து) கொண்டேன். பிறகு கோட்டாசெக் கட்டளையை, புதிய கணக்குக் கோப்புகளை உருவாக்கச் சொல்லும் சி விருப்பத்துடன் ஓட்டியபோது, மவுண்ட் செய்த இடத்தின் வேர் அடைவில் ஏகோட்டா.யூசர், ஏகோட்டா.குரூப் என்ற இரு கோப்புகள் தோன்றின. சோதனைப் பயனருக்கு 100 எம்பி சாஃப்ட் லிமிட்டும் 120 எம்பி ஹார்டு லிமிட்டும் செட்கோட்டா வழியாகக் கொடுத்தேன். சாஃப்ட் லிமிட்டைத் தாண்டினால் அவகாசக் காலம் ஓடத் தொடங்கும். இயல்பாக அது 7 நாள். ஹார்டு லிமிட்டைத் தொட்டால் அந்தக் கணமே எழுதுதல் மறுக்கப்படும்.

அந்தப் பயனரின் அடைவில் 20 எம்பி கோப்பு ஒன்றை எழுதினேன். ரெப்கோட்டா 20,484 என்று காட்டியது. இதன் அலகு 1 கேபி. கோப்புக்கு 20,480, அடைவுக்கு 4 என்று கணக்கு துல்லியமாக இருந்தது. இப்போது கோட்டாஆஃப் மூலம் கண்காணிப்பை நிறுத்திவிட்டு, அதே பயனராக இன்னொரு 40 எம்பி கோப்பை எழுதி, மீண்டும் கோட்டாஆன் கொடுத்தேன். எண் 20,484 என்ற இடத்திலேயே நின்றது. பயனரிடம் 60 எம்பி இருக்க, கணக்கில் அதில் மூன்றில் ஒரு பங்குதான் ஏறியிருந்தது.

இதைவிட என் கவனத்தை ஈர்த்தது அடுத்த படி. கணக்கில் ஏறாத அந்த 40 எம்பி கோப்பை, கண்காணிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே அழித்தேன். கெர்னலுக்கு அது கணக்கில் ஏறிய கோப்பா ஏறாத கோப்பா என்ற வேறுபாடு தெரியாது. அழிந்த கோப்பின் அளவைக் கழிக்க மட்டுமே தெரியும். 20,484-இலிருந்து 40,960-ஐக் கழித்தால் எதிர்மறை எண் வரும் என்பதால் அது பூஜ்யத்தில் நிறுத்திக்கொள்கிறது. 20 எம்பி கோப்பு அடைவில் கண்முன்னே இருக்க, ரெப்கோட்டா 0 என்றது. இதிலிருந்து எனக்குத் தெளிவானது இதுதான்: ஒருமுறை பிறழ்ந்த கணக்கு தானாகத் திருந்துவதில்லை, அடுத்தடுத்த சரியான செயல்களே பிழையை வேறு திசைக்குத் தள்ளிவிடக்கூடும். மொத்தத்தையும் மறுபடி எண்ணுவதைத் தவிர வேறு வழியில்லை.

அந்த மறு எண்ணிக்கையைச் செய்வதுதான் கோட்டாசெக். கண்காணிப்பு நடந்துகொண்டிருக்கும்போது ஓட்டினால், கணக்குக் கோப்பு கெட்டுப்போகலாம் என்று எச்சரித்து அது நின்றுவிடும். கட்டாயப்படுத்த எஃப் என்ற விருப்பம் உண்டு. ஆனால் கோட்டாவை நிறுத்திவிட்டு எண்ணுவதே முறை. எண்ணும் நேரத்தில் கோப்பு முறைமையைப் படிக்க மட்டும் என்ற நிலைக்கு மாற்றவும் அது முயல்கிறது. யாரேனும் எழுதுவதற்காக ஒரு கோப்பைத் திறந்து வைத்திருந்தால் அந்த மாற்றம் நடக்காது. எண்ணிக்கை சரியாக இராமல் போகலாம் என்று அறிவித்துவிட்டு விலகும். எம் விருப்பத்தைக் கொடுத்தால் அந்த மாற்றமின்றியே எண்ணும். இணையத்தில் காணும் குறிப்புகள் பலவற்றில் அந்த எம் வழக்கம்போல ஒட்டிக்கொண்டிருக்கிறது. எண்ணிக்கொண்டிருக்கும்போதே எழுத அனுமதித்தால் கிடைப்பது இன்னொரு பிறழ்ந்த கணக்குதான் என்பதால், எழுதும் நிரல்களை நிறுத்திவிட்டு எண்ணுவதையே நான் விரும்புகிறேன். அப்படி ஓட்டியபின் எண் 20,484-க்குத் திரும்பியது.

சி விருப்பத்தைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். அது பழைய கணக்குக் கோப்பைப் படிக்காமல் புதிதாக எழுதுகிறது. பயன்பாட்டு எண்களை வட்டிலிருந்து மீட்டுவிடலாம், ஆனால் 100, 120 என்று நாம் வைத்த வரம்புகள் அந்தக் கோப்பில் மட்டுமே இருப்பவை. வட்டை எத்தனை முறை எண்ணினாலும் அவை கிடைக்கா. சோதனைப் பிம்பத்தில், அதாவது வட்டாகப் பயன்படும் அந்த 1 ஜிபி கோப்பில், ஓட்டிப் பார்த்தேன். வரம்புகள் அனைத்தும் பூஜ்யமாயின, அதாவது வரம்பே இல்லை என்றாயிற்று. செப்பனிடும்போது சி இல்லாமல் ஓட்டினால், கோப்பு படிக்கக்கூடிய நிலையில் இருக்கும்வரை வரம்புகள் காப்பாற்றப்படும். எழுதுவதற்கு முன் நகல் எடுத்துவைக்கும் பி விருப்பத்தை எப்போதும் சேர்த்துக்கொள்வது நல்லது. ரெப்கோட்டாவின் வெளியீட்டையும் தனியே சேமித்து வைத்தால், கோப்பு முழுதும் போனாலும் செட்கோட்டாவின் தொகுதி முறைக்கு அந்த வரம்புகளை ஊட்டி மீட்டுவிடலாம்.

இந்த எண்களை, கோப்புகளின் அளவைக் கூட்டிச் சொல்லும் டியூ கட்டளையோடு ஒப்பிட்டுப் பார்த்துக் கணக்கு பிறழ்ந்துவிட்டது என்று முடிவுகட்டுவது அவசரம். டியூ அடைவு வழியாக எண்ணுகிறது. கோட்டா உரிமையாளர் வழியாக எண்ணுகிறது. ஒருவருடைய கோப்பு வேறொருவரின் அடைவில் இருந்தாலும் பாரம் உரிமையாளர் மீதே விழும். திறந்து வைத்த நிலையிலேயே ஒரு கோப்பை அழித்துப் பார்த்தேன். டியூவின் கணக்கிலிருந்து அது மறைந்தது, கோட்டாவில் நீடித்தது, நிரலை மூடிய பிறகே குறைந்தது. அத்தகைய கோப்புகளை எல்எஸ்ஓஎஃப் கட்டளை காட்டிக்கொடுக்கும். ட்ரங்கேட்டால் 500 எம்பிக்கு நீட்டிய வெற்றுக் கோப்பு ஒன்று ஹார்டு லிமிட்டையே மீறிய நீளத்துடன் தடையின்றி உருவானது. வட்டில் பிளாக் எனப்படும் இடத்துண்டு எதுவும் ஒதுக்கப்படாததால் பயன்பாடு ஏறவில்லை. ஃபால்அலொகேட்டால் முன்பதிவு செய்த கோப்பிலோ ஓர் எழுத்துகூட எழுதாத நிலையிலும் முழு அளவும் ஏறியது. இவை எல்லாமே சரியான கணக்குகள். கோட்டாசெக் ஓட்டித் திருத்த வேண்டியவை அல்ல.

வெளிக்கோப்பில் கணக்கு வைக்கும் முறை இஎக்ஸ்டி4-இல் பழையதாகிவிட்டது என்று கோட்டா கருவிகளே எச்சரிக்கின்றன. ஆகவே மவுண்டை நீக்கி, டியூன்2எஃப்எஸ் மூலம் கோட்டா வசதியைக் கோப்பு முறைமைக்குள்ளேயே இயக்கினேன். அப்போது பயனர் கணக்கு 3-ஆம் ஐநோடிலும் (ஐநோடு என்பது ஒரு கோப்பின் விவரங்களை வைத்திருக்கும் பதிவு) குழுக் கணக்கு 4-ஆம் ஐநோடிலும், எந்த அடைவிலும் தென்படாமல் அமர்ந்துகொள்கின்றன. மவுண்ட் ஆனவுடனே எண்ணிக்கை தொடங்கிவிடுவதால், கண்காணிப்பு தொடங்குமுன் நடந்த எழுத்து என்ற இடைவெளி இல்லாமல் போகிறது. சரிபார்க்கும் பொறுப்பும், கோப்பு முறைமையைச் சோதித்துத் திருத்தும் இ2எஃப்எஸ்சிகேயிடம் சென்றுவிடுகிறது.

அதையும் சோதிக்க, மவுண்ட் நீக்கிய பிம்பத்தில், கோப்பு முறைமையின் உள்விவரங்களைத் திருத்தும் கருவியான டீபக்எஃப்எஸ் கொண்டு ஒரு கோப்பின் உரிமையாளர் எண்ணை நேரடியாக மாற்றினேன். கெர்னலுக்குத் தெரியாமல் நடந்த மாற்றம் என்பதால் கணக்கு பழைய உரிமையாளரிடமே இருந்தது. எதையும் மாற்றாமல் பார்க்க மட்டும் செய்யும் ‘என்’ (-n) என்ற விருப்பத்துடன் இ2எஃப்எஸ்சிகேயைக் கட்டாய முறையில் ஓட்டியதும், இரு பயனர்களுக்கும் பயன்பாடு பொருந்தவில்லை என்று பைட்டு எண்ணிக்கையும் ஐநோடு எண்ணிக்கையும் சேர்த்து எச்சரித்தது. திருத்தும் முறையில் மறுபடி ஓட்டியபோது கோட்டாத் தகவலைப் புதுப்பிக்கலாமா என்று கேட்டு, ஒப்புக்கொண்டதும் சரிசெய்தது. வரம்புகள் அப்படியே இருந்தன.

எக்ஸ்எஃப்எஸ் என்ற இன்னொரு கோப்பு முறைமையில் இந்த வேலைக்குத் தனிக் கட்டளையே கிடையாது. கணக்கு சரிபார்க்கப்பட்டது என்ற குறி இல்லையெனில், கோட்டா விருப்பத்துடன் மவுண்ட் செய்யும்போதே அது எல்லா ஐநோடுகளையும் எண்ணிவிடுகிறது. கோப்புகள் மிகுந்த வட்டில் அந்த மவுண்ட் நீண்ட நேரம் எடுக்கும். அடுத்து, அடைவு அளவில் வரம்பு வைக்கும் புராஜெக்ட் கோட்டாவை இதே இஎக்ஸ்டி4 பிம்பத்தில் இயக்கி, டீபக்எஃப்எஸ் சோதனையைப் புராஜெக்ட் எண்ணை மாற்றிச் செய்து பார்க்கவிருக்கிறேன்.