நாலு நடை

தனியார் மருத்துவமனை ஒன்றில், நோயாளிக்குக் கொடுத்த சிகிச்சை முழுவதும் பதிவாகும் கேஸ் ஷீட்டுகளைப் பாதுகாக்கும் எம்.ஆர்.டி. என்ற மருத்துவ ஆவணப் பிரிவில் 11 வருடம் வேலை பார்த்தேன். ஐ.பி. எண்ணை, அதாவது உள்நோயாளி எண்ணைச் சொன்னால் போதும், எந்த ரேக்கில் இருந்தாலும் இரண்டு நிமிடத்தில் எடுத்துவிடுவேன். அப்படிப்பட்ட நான்தான் ஒரு பெரியவரை நாலு நடை நடக்க வைத்தேன்.

அவர் மனைவிக்கு எங்களிடம் ஆபரேஷன் நடந்து, புண் ஆறவில்லை. வேறு டாக்டரிடம் காட்டியபோது பழைய ரெக்கார்டு முழுவதையும் கேட்டிருக்கிறார். பெரியவரிடம் இருந்ததோ ஒன்றரைப் பக்க டிஸ்சார்ஜ் சம்மரி. எந்த ஆன்டிபயாடிக்கை எத்தனை நாள் போட்டோம், புண்ணில் என்ன கிருமி என்று பார்க்கும் கல்ச்சர் ரிப்போர்ட்டில் என்ன வந்தது என்பதெல்லாம் கேஸ் ஷீட்டுக்குள்தான் இருந்தது.

முதல் தடவை, மேலதிகாரி கையெழுத்து வேண்டும் என்றேன். அடுத்த தடவை, டாக்டர் லீவு. மூன்றாவது தடவை, மனுவை மாற்றி எழுதி வரச் சொன்னேன். மருத்துவமனைக்குள் ஓடியது ஒரே கேள்விதான்: "எதுக்குக் கேக்குறாங்க, கேஸ் போடப் போறாங்களா?" அந்தப் பயம் எனக்கும் இருந்தது.

விதி எனக்குத் தெரியாமல் இல்லை. நோயாளியோ அவர் அனுமதித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைக் கொடுக்க வேண்டும் என்கிறது இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை. கேட்பவர் காரணம் சொல்ல வேண்டும் என்று அதில் ஒரு வரிகூடக் கிடையாது. நோயாளியின் கேஸ் பேப்பரை ரகசியம் என்று சொல்லி அவருக்கே மறுக்க முடியாது, நகலெடுக்கும் செலவை வேண்டுமானால் வாங்கிக்கொள்ளலாம் என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 1996-லேயே சொல்லிவிட்டது. வழக்குக்குப் பயந்து பூட்டி வைக்கிறோம். ஆனால் இழுத்தடிக்க இழுத்தடிக்கத்தான் 'இவங்க எதையோ மறைக்கிறாங்க' என்ற சந்தேகமே அவர்களுக்கு வருகிறது. இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நாலாவது நடையில் ஜெராக்ஸ் கட்டைக் கொடுத்தேன். விரலை எச்சில் தொட்டு ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். இங்கிலீஷ் படிக்கத் தெரியாது.

"இதுல அவ பேரு எங்க இருக்கு தாயி?"

காட்டினேன். அந்த இடத்தைக் கட்டை விரலால் ஒருமுறை தடவிவிட்டு, மஞ்சள் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு யார் மனு கொடுத்தாலும், வாங்கிய தேதியையும் நேரத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒரு நகலை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுவேன். அந்தத் தாளோடு திரும்பி வருபவரிடம் "நாளைக்கு வாங்க" என்று சொல்ல எங்கள் யாருக்கும் வாய் வரவில்லை.