உயர்தர வகுப்பில் படித்த வெள்ளி வணிகம்

உயர்தர வகுப்பில் எங்களுக்கு வரலாறு படிப்பித்த சேர் உலக வணிகப் பாடத்தை வாஸ்கோ ட காமாவில் தொடங்கமாட்டார். கரும்பலகையில் இரண்டு விகிதங்களை எழுதிவிட்டுத் திரும்பி நிற்பார். 1600 அளவில் சீனாவில் ஒரு பங்கு பொன்னுக்கு ஆறு, ஏழு பங்கு வெள்ளி. ஸ்பெயினில் பன்னிரண்டுக்கு மேல். "மிச்சத்தை நீங்களே சொல்லுங்கோ" என்பார். அதாவது, ஒரே அளவு வெள்ளிக்குச் சீனாவில் ஏறக்குறைய இரட்டிப்புப் பொன் கிடைக்கும். வெள்ளியை அங்கே கொண்டுபோனாலே இலாபம். அந்த வகுப்பில் இருந்தவர்களுக்கு இது மறந்திருக்காது. மற்றவர்களுக்காக அவர் படிப்பித்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

சீனாவில் வெள்ளி ஏன் அவ்வளவு அருமை? மிங் அரசின் காகிதப் பணம் 15ஆம் நூற்றாண்டிலேயே மதிப்பிழந்தது. சனங்கள் வெள்ளியை நிறுத்துக் கொடுக்கப் பழகினார்கள். பிறகு அரசும் பலவகை வரிகளையும் கட்டாய வேலையையும் ஒன்றாக்கி வெள்ளியாகவே வாங்கத் தொடங்கியது. 1581 அளவில் இந்த முறை நாடெங்கும் பரவியது. உள்நாட்டுச் சுரங்கங்களால் அதற்கு ஈடுகொடுக்க முடியவில்லை. ஐரோப்பியர் கப்பலேறியதால்தான் உலகம் இணைந்தது என்ற பாடப்புத்தக வரியை அவர் ஏற்காததற்குக் காரணம் இதுதான். இழுத்தது சீனா.

வெள்ளி கிடைத்த பெரிய இடம், அன்று ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த, இன்றைய பொலிவியாவில் உள்ள பொத்தோசி. கடல்மட்டத்திலிருந்து 4,000 மீற்றர் உயரம். கனிமம் கண்டுபிடிக்கப்பட்டது 1545இல். முதலில் மலைச்சரிவில் காற்று வீசும் இடங்களில் சிறிய களிமண் உலைகளை வைத்து உருக்கினார்கள். செழிப்பான தாது முடிந்ததும் அந்த உலைகள் பயன்படவில்லை. 1570களில், தாதிலுள்ள வெள்ளியைத் தன்னோடு பிடித்துக்கொள்ளும் பாதரசம் வந்த பிறகே உற்பத்தி மீண்டும் ஏறியது.

பாதரச முறை முதலில் ஸ்பானியர் ஆண்ட மெக்சிக்கோவில், 1550களில், பார்த்தோலோமே டி மெதினா கொண்டுவந்தது. சேர் இதைச் சமையற் குறிப்பு மாதிரிச் சொல்லுவார். தாதை மாவாக அரைத்து, தண்ணீர் விட்டுக் குழைத்து, கல் பதித்த முற்றத்தில் பரப்ப வேண்டும். உப்பு, வறுத்த செப்புத் தாது, பாதரசம் என்று அடுத்தடுத்துச் சேர்த்துக் கோவேறு கழுதைகளை விட்டு மிதிக்க வைப்பார்கள். சில வாரங்கள் செல்லும். தினமும் ஒரு பிடி எடுத்துச் சிறு பாத்திரத்தில் கழுவிப் பாதரசத்தின் நிறத்தைப் பார்ப்பது மேற்பார்வையாளரின் வேலை. செப்புத் தாது கூடினால் பாதரசம் வீணாக உப்பாகிப் போகும். அப்போது சுண்ணாம்பு போட்டு அடக்குவார்கள். குறைந்தால் வெள்ளி பிடிபடாது. முடிந்ததும் மண்ணைக் கழுவி அகற்றி, மிச்சத்தைக் கித்தான் பையிலிட்டுப் பிழிந்து, சூடாக்கிப் பாதரசத்தை ஆவியாக்கினால் வெள்ளி மிஞ்சும். குளிர் மிகுந்த பொத்தோசியில் முற்றம் சரிவராததால் பெட்டிகளில் போட்டு அடியில் சூடு காட்டினார்கள்.

ஒரு கிலோ வெள்ளிக்கு ஒன்று முதல் இரண்டு கிலோ பாதரசம் தொலைந்தது. அந்தப் புகையைச் சுவாசித்தவர்களையும் சுரங்கத்துக்குள் இறங்கியவர்களையும் சேர் கணக்கிலிருந்து விட்டுவிடமாட்டார். 1573 முதல் 'மித்தா' என்ற கட்டாய முறையில் ஆண்டுக்கு அந்தீஸ் மலைநாட்டின் 13,000க்கு மேற்பட்ட ஆண்களைப் பொத்தோசிக்கு ஒதுக்கினார்கள். பாதரச விற்பனை ஸ்பெயின் அரசனின் ஏகபோகம். கிடைத்த வெள்ளியில் ஐந்திலொரு பங்கும் அவனுக்கு வரி. வெள்ளி எடுப்பவன் எவ்வளவு பாதரசம் வாங்கினான் என்பதைக் கொண்டு, எவ்வளவு வெள்ளியை மறைத்தான் என்று வரிக்காரர் கணக்குப் பார்த்தார்கள்.

இந்த வெள்ளியில் அடித்த எட்டு ரியால் நாணயம், அதாவது பேசோ, சுமார் 27 கிராம். 1640களில் பொத்தோசி நாணயசாலையில் வெள்ளியைக் குறைத்து அடித்த மோசடி வெளிப்பட்டது. அந்தக் காசை வெளிநாட்டு வணிகர்கள் வாங்க மறுத்தார்கள். சீனருக்கு முத்திரை பெரிதல்ல. வெள்ளி வந்திறங்கிய பிலிப்பைன்சின் மணிலாவில் நிறுத்தே வாங்கினார்கள், ஊருக்குப் போனதும் உருக்கினார்கள்.

மணிலா ஸ்பானியர் கைக்கு வந்தது 1571இல். மெக்சிக்கோவின் மேற்குக் கரைத் துறைமுகமான அக்கபுல்கோவிலிருந்து அங்கே வருவது சுலபம்: கீழைக் காற்றோடு சுமார் மூன்று மாதம். திரும்புவதுதான் பாடு. அந்த வழியை 1565இல் ஸ்பானியத் துறவியும் மாலுமியுமான உர்தனேதா கண்டார்: ஆனி, ஆடியில் சோளகத்தோடு புறப்பட்டு, யப்பான் பக்கம் வடக்கே ஏறி, வட அகலாங்கு 30 பாகைக்கும் 40 பாகைக்கும் இடையில் மேலைக் காற்றைப் பிடிக்க வேண்டும். பிந்திப் புறப்பட்டால் சூறாவளி. பாய்மரம் முறிந்து திரும்பி வந்த கப்பல்கள் பல. பயணம் நான்கு முதல் ஆறு மாதம். குடிதண்ணீர் மண்சாடிகளில், அவற்றிற் சில கயிறுகளில் தொங்கும். மழைநீரைப் பாய் விரித்துச் சாடிகளில் பிடித்தார்கள். பழமும் மரக்கறியும் இல்லாததால் ஸ்கர்வி நோய் தப்பாமல் வரும்.

1593இல் ஸ்பெயின் அரசன் இட்ட ஆணைப்படி மணிலாவிலிருந்து ஆண்டுக்கு இரண்டு கப்பல், 250,000 பேசோ பெறுமதியான சரக்கு, திரும்பிவரும் வெள்ளி 500,000 பேசோ, அதற்கு மேல் கூடாது. ஒருவரும் மதிக்கவில்லை. கப்பலில் தங்களுக்குக் கிடைத்த இடத்துக்கான சீட்டை விதவைகளும் தேவாலயங்களும் வணிகருக்கு விற்றார்கள். சீட்டுக்கு மேல் ஏற்றியதே சில கப்பல்கள் மூழ்கியதற்குக் காரணம்.

1640 அளவில் சீன விகிதம் ஐரோப்பிய விகிதத்தை நெருங்கிவிட்டது. விகிதத்தால் வந்த இலாபம் அத்தோடு முடிந்தது. ஆனாலும் கப்பல்கள் 1815 வரை ஓடின, பட்டுக்காகவும் பீங்கானுக்காகவும் பருத்திச் சீலைக்காகவும்.

அந்தச் சீலையில் சோழமண்டலக் கரையில் நெய்ததும் இருந்தது. மணிலாவில் ஆங்கிலேயருக்கு ஸ்பானியர் தடை போட்டிருந்ததால், சென்னையிலிருந்து போன ஆங்கிலச் சரக்கு ஆர்மேனியர் பெயரில் இறங்கியது. சுங்கக்காரருக்கு அது தெரியாததல்ல. விலையாகக் கிடைத்த பேசோ அதே கப்பல்களில் சென்னைக்குத் திரும்பியது.